என் முன்னிலையில்

நோட்டரி ஆவது ஒன்றும் லேசுப்பட்ட காரியம் இல்லை. கறுப்புக் கோட்டு மாட்டியவனெல்லாம் சீல் குத்திவிட முடியாது. பத்து வருஷம் கோர்ட்டு வாசலைத் தேய்த்திருக்க வேண்டும். அப்புறம் சர்க்காருக்கு மனுப் போட வேண்டும். அந்த மனுவில் ஒரு மாஜிஸ்ட்ரேட், ஒரு பேங்க் மேனேஜர், ஒரு வியாபாரி, உள்ளூரில் பெரிய மனிதர் என்று பேரெடுத்த இரண்டு பேர், இத்தனை பேரும் ‘இவர் யோக்கியர்’ என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். காட்டுப்பாக்கம் துலுக்கானத்துக்கு மாஜிஸ்ட்ரேட் போட்டார், பேங்க் மேனேஜர் போட்டார், உரக்கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தே போட்டார். அந்தப் பெரிய மனிதர்கள் இரண்டு பேர்தான் ஆறு மாதம் நாளைக்கு வா, மறுநாள் வா என்று இழுத்தடித்தார்கள். துலுக்கானத்தின் அப்பா அவர்கள் நிலத்தில் ஏர் ஓட்டியவர். கூலியாள் மகன் கோட்டு போட்டதே அவர்களுக்குச் செரிக்கவில்லை, இதில் சீல் வேறா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கடைசியில் கொடுத்தார்கள். 1989 டிசம்பரில் சான்றிதழ் வந்தது. மூன்று வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

பூந்தமல்லி கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஓர் ஒற்றை அறை. வெளியே தகரத் தாழ்வாரத்தில் டைப்ரைட்டர் மேசை, உள்ளே அவர் மேசை, மேசை மேல் வட்ட சீல், கனமான பதிவேடு. ஆவடி பாக்டரியில் கேட் பாஸ் தொலைத்தவர்கள், பிள்ளையின் பிறந்த தேதி மாறிப்போனவர்கள், குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போடுகிறவர்கள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். முதல் ஒன்றரை வருஷம் துலுக்கானம் சட்டம் சொல்கிறபடிதான் செய்தார். வந்த ஆளை உட்கார வைப்பார். ரேஷன் கார்டு வாங்கிப் பார்ப்பார். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தால் வரிக்கு வரி தமிழில் சொல்லுவார். இது உண்மையா, நீயாக விரும்பித்தான் போடுகிறாயா என்று முகத்தைப் பார்த்துக் கேட்பார். தலையாட்டினால் போதாது, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கண்ணெதிரே கையெழுத்து, பதிவேட்டில் இன்னொரு கையெழுத்து, அதற்கப்புறம்தான் ‘என் முன்னிலையில்’ என்று எழுதி சீல் வைப்பார். ஒரு காகிதத்துக்கு அரை மணி ஆகும். பக்கத்து வக்கீல்கள், துலுக்கானம் சீல் குத்தறாரா இல்லை பெண் பார்க்கிறாரா என்று கிண்டல் செய்தார்கள்.

இந்தக் கிண்டல் 1991 ஆகஸ்டு மாதத்தோடு நின்றுவிட்டது.

அந்த மாதம் அவருடைய மகன் உத்தமன் செத்துப்போனான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிப் பெற்ற ஒரே பிள்ளை. ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. மூளைக் காய்ச்சல். பட்டணத்து ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தான், ஐந்தாம் நாள் இல்லை.

எட்டாம் நாள் துலுக்கானம் போய் இறப்புச் சான்றிதழ் வாங்கி வந்தார். வரும் வழியில் ஆறு ஜெராக்ஸ் எடுத்தார். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் கீழும் ‘உண்மை நகல்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தினார். ஆறு நகல் எதற்கு? அவருக்கே தெரியாது. யாரும் கேட்கவில்லை. கை எதையாவது செய்ய வேண்டியிருந்தது, செய்தது. அவர் மனைவி லோகநாயகி தண்ணீர்ச் சொம்போடு வந்தவள், குத்தி முடித்த காகிதங்களைப் பார்த்தாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பதினேழாம் நாள் அவர் ஆபீஸுக்குப் போனார்.

அதற்கப்புறம் அவருக்கு எதுவும் வலிக்கவில்லை. அதுதான் விஷயம். பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் அது வேறு யாருடைய கன்னமோ போல் இருக்குமே, அப்படித்தான் இருந்தது அவருக்கு வீடும் ஊரும் எல்லாமே. காலை எட்டுக்குக் கிளம்புவார். ராத்திரி வந்தால் தட்டில் சோறு மூடி வைத்திருக்கும். லோகநாயகி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அவர் சாப்பிட்டுவிட்டு இன்னொரு சுவரைப் பார்த்துப் படுப்பார். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடக்கூட ரெண்டு வார்த்தை வேண்டும். பையனின் பேரை அவர் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. அவள் எடுக்க வந்த போதெல்லாம், “லேட்டாவுது” என்று எழுந்து போனார். கொஞ்ச நாளில் அவளும் விட்டுவிட்டாள்.

ஆபீஸில் சீல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. முன்னைவிட வேகமாக, முன்னைவிட அதிகமாக. டைப் அடிக்கப் பேபி என்று ஒரு பெண்ணைப் புதிதாகச் சேர்த்திருந்தார். கெட்டிக்காரப் பெண். அவளே ஆட்களை நான்கு நான்கு பேராக உள்ளே அனுப்புவாள், அவளே பதிவேட்டைத் திருப்பிவைத்து, “இங்க போடுமா, இங்க போடுண்ணா” என்று விரல் வைத்துக் காட்டுவாள். துலுக்கானம் தலை குனிந்தபடி கையை நீட்டுவார். காகிதம் வரும். “படிச்சிங்களா புரிஞ்சிதா உண்மதானா” என்று மூன்று கேள்வியும் ஒரே மூச்சில் போகும். “ஆமா சார்” என்று பதில் வரும். டக். அடுத்த ஆள். மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்று இருக்கிறது, கேட்டாயிற்று. பதில் சொன்னவரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் யார் என்ன சொல்வது? இப்போது யாரும் அவரைக் கிண்டல் செய்யவில்லை. துலுக்கானம் தொழில் கற்றுக்கொண்டார் என்றே சொன்னார்கள்.

மறு வருஷம் அக்டோபரில், ஒரு திங்கட்கிழமை மத்தியானம், வசந்தா என்று ஓர் அம்மா வந்தாள். அந்தப் பக்கத்துப் பால்வாடிகளை மேற்பார்வை பார்க்கிறவள். தோளில் ஜோல்னாப் பை, காலில் மண். குடையை மூலையில் சாத்திவிட்டு ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தாள்.

“சார், இது உங்க சீல்தானான்னு பாருங்க. இப்பல்லாம் போலி சீல் ரொம்ப நடமாடுது. மாங்காடு போற வழியில ஒரு பால்வாடியில ஜூன் மாசத்திலேர்ந்து இந்தம்மா தற்காலிகமா ஆயா வேலை பாக்கறாங்க. நல்லா பாக்கறாங்க. நிரந்தரம் பண்ணலாம்னு எழுதி வெச்சிருக்கேன். புருஷனை இழந்தவங்க, புருஷன் கைவிட்டவங்களுக்குத்தான் அதுல முன்னுரிமை. இவங்க கைவிடப்பட்டவங்கன்னு பிரமாணப் பத்திரம் குடுத்திருக்காங்க. இப்பப் பாத்து ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. அந்தப் பொம்பளைக்குப் புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கான், ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்காங்கன்னு.”

துலுக்கானம் வழக்கப்படி முதலில் காகிதத்தின் அடியைப் பார்த்தார். கையெழுத்து அவருடையது. சீல் அவருடையது. பிறகுதான் மேலே படித்தார்.

‘காட்டுப்பாக்கம், பிள்ளையார் கோயில் தெருவில் வசிக்கும் துலுக்கானம் என்பவரின் மனைவி லோகநாயகி, வயது 36, ஆகிய நான் சத்தியப் பிரமாணமாகச் சொல்வது. என் கணவர் கடந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் என்னைக் கைவிட்டுவிட்டார். எனக்கு வேறு ஆதரவு இல்லை. மேலே சொன்னதெல்லாம் உண்மை.’ அதன் கீழே, ‘என் முன்னிலையில் கையெழுத்திடப்பட்டது.’ அதன் கீழே அவர்.

அவருக்கு முதலில் தோன்றியது, டைப்பில் ஒரு பிழைகூட இல்லையே என்பதுதான். இன்னொரு முறை படித்தார். அப்போதும் பிழை இல்லை.

“புருஷன் பேரும் உங்க பேரும் ஒண்ணா இருக்கே சார்” என்றாள் வசந்தா. சந்தேகமாகக் கேட்கவில்லை, சும்மா கேட்டாள்.

“இந்தப் பக்கம் துலுக்கானத்தம்மன் கோயிலு நெறைய இருக்கு மேடம். வீட்டுக்கு ஒரு துலுக்கானம் இருப்பான்.” சொன்னது உண்மைதான். உண்மையை வைத்தே பொய் சொல்ல வக்கீலுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

“சரி. அந்தம்மா உங்க எதிர்லதான் கையெழுத்து போட்டாங்க, சொன்னது உண்மைதான்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க. வியாழக்கிழமை காலைல வந்து வாங்கிக்கறேன். வாங்கிட்டு அப்படியே அவங்க வீட்டுக்கும் போய்ப் பாக்கணும். கொடியில ஆம்பளச் சட்ட காயுதா, வாசல்ல செருப்பு கிடக்குதான்னு பாத்தா தெரிஞ்சிடப் போகுது. பொய்னு தெரிஞ்சா வேலை போயிடும். பொய்ப் பிரமாணம்னு கேஸும் வரும். பாவம், புள்ளைங்க அவங்ககிட்டதான் ஒட்டிக்கிது.” காகிதத்தின் ஜெராக்ஸ் ஒன்றை வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

துலுக்கானம் பதிவேட்டைப் புரட்டினார். ஜூன் 15, திங்கட்கிழமை, வரிசை எண் 7387. ‘லோகநாயகி’ என்று அவள் கையெழுத்து. எட்டாவது வரை படித்தவள். முதல் எழுத்தின் கொம்பைப் பெரிதாகச் சுழித்துப் போடுவாள், கல்யாணப் பதிவிலும் அப்படித்தான் போட்டாள். பதிவேட்டைப் பேபி வெளித் தாழ்வாரத்துக்கு எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கியிருப்பாள், காகிதத்தைக் கட்டோடு கட்டாக உள்ளே அனுப்பியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். பேபியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“எனக்கு ஞாபகமே இல்ல சார். திங்கக்கிழமன்னா மாங்காட்டுக் கோயிலு கும்பலாட்டம்ல வர்றாங்க. யாரு சார் அது, தெர்ஞ்சவங்களா?”

அவள் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. லோகநாயகியைப் பார்த்ததே கிடையாது. துலுக்கானம், “இல்ல, போ” என்றார்.

தன் மனைவி நான்கு மாதமாக வேலைக்குப் போகிறாள் என்பது காட்டுப்பாக்கத்தில் நாய் நரிக்கெல்லாம் தெரிந்திருந்தது. தெரியாதவர் அவர் ஒருவர்தான். அவர் கிளம்பினபின் அவள் கிளம்புவாள், அவர் வருமுன் வந்துவிடுவாள். மறைக்கவெல்லாம் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அன்று இரவும் அவர் கேட்கவில்லை. பகலெல்லாம் முன்பின் தெரியாத அறுபது எழுபது பேரிடம் உண்மைதானா உண்மைதானா என்று கேட்டுவிட்டு வந்தவர், சோற்றைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பேபியிடம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். பால்வாடி ஓட்டுக் கட்டடம். வெளியே வேப்பமரம், கை பம்பு. பம்படியில் நின்றபோது உள்ளே ஒரு பெண் பேசுவது கேட்டது.

“ஏ சின்னப்பையா, வாயில வெச்சத முழுங்குடா. கன்னத்துல அடக்கி வெச்சிகினு கீறான் பாரு. நாகவல்லி, உன் தட்டப் பாரு, அவன் தட்டுல இன்னா கை? அவ்ளோதான், இன்னும் ஒரே ஒரு வாயி. ஆங், ராசா மாதிரி.”

நல்ல குரல், கலகலவென்று இருக்கிறது, வேறு ஒரு ஆயாகூட இருப்பாள் போலிருக்கிறது என்று நினைத்தார். ஜன்னலில் எட்டிப் பார்த்தார். பதினைந்து இருபது பிள்ளைகளுக்கு நடுவே லோகநாயகி மட்டும்தான் இருந்தாள். ஒரு குழந்தை அவள் முதுகில் தொங்கியது. வேறு ஆயா யாரும் இல்லை.

அவர் பம்படியிலேயே நின்றார். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, வாய் கழுவ வெளியே வந்தபோது அவளும் வந்தாள். அவரைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

“இன்னா?”

அவர் சட்டைப்பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்து நீட்டினார். அவள் அதைக் கையில் வாங்காமலே, எது என்று பார்த்துக்கொண்டு, ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். பிள்ளைகளை உள்ளே அனுப்பிப் பாயில் படுக்கச் சொன்னாள்.

“இத்த பேபிகிட்ட குட்த்துட்டு வந்துட்டியா?” என்று கேட்டார். “எனக்குத் தெரியாம உள்ள வந்துருக்குது. என் சீலு. நாளிக்கி ஒருத்தன் கேட்டா நான் இன்னா சொல்றது? நீ உள்ள வந்து எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல.”

“உள்ளதான் வந்தேன்.”

“எந்த உள்ள?”

“உன் ரூமுக்குள்ளதான். எனக்கு முன்னாடி ஒரு கெயவரு, பின்னாடி ரெண்டு பொம்பளிங்க. உன் எதுருல நின்னேன். நடுவுல மேசதான். படிச்சிங்களா, புரிஞ்சிதா, உண்மதானான்னு கேட்ட. ஆமா சார்னு சொன்னேன். குத்திக் குட்த்த.”

துலுக்கானம் வாயைத் திறந்தார். “சார்னா சொன்ன?”

“எல்லாரும் அப்பிடித்தான சொல்றாங்க.” அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குத் தாங்கிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். “வேற நோட்டரிகிட்ட போயிருக்கலாம். அந்தச் சந்துலியே இன்னும் ரெண்டு பேரு கீறாங்க. உங்கிட்டதான் வரணும்னு வந்தேன். நீ தல தூக்கிப் பாத்தின்னா பேப்பரக் கிய்ச்சிப் போட்டுட்டு உன்னோடயே ஊட்டுக்கு வந்துரலாம்னு நென்ச்சிகினு வந்தேன்.”

கை பம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. உள்ளே ஒரு பிள்ளை ஆயா ஆயா என்று கூப்பிட்டது.

“மொகம் பாக்கல, சரி. கொரலு கூடவா தெரில உனக்கு?”

“தெரில லோகா” என்றார் துலுக்கானம். மூன்று வருஷ நோட்டரி வேலையில் அவர் சொன்ன சொற்களில் இதுதான் சுத்தமான பிரமாணம். இப்போது வெளியே நின்றபோதும் தெரியவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அந்த அம்மா வீட்டுக்கு வரப்போகிறாள், மொட்டைக் கடுதாசி வந்திருக்கிறது என்று சொன்னார். அப்போதுதான் லோகநாயகியின் முகம் மாறியது. திரும்பி ஜன்னல் வழியாகப் பிள்ளைகளைப் பார்த்தாள்.

“வேல போயிருமா?”

அவர் ஜெராக்ஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“இங்க வந்தாதான் எனக்குத் தொண்டையில சோறு எறங்குது” என்றாள். “அங்க எறங்கல. உங்கிட்ட வேற ஒண்ணும் நான் கேக்கல. இத்த மட்டும் எட்த்துராத.”

அவர் சரி என்று தலையை ஆட்டினார். பஸ்ஸுக்கு நடந்தார். வழியில் கணக்குப் போட்டுப் பார்த்தார், வக்கீல் புத்தி எங்கே போகும்? பத்திரம் பொய் என்று சொன்னால் அவள் வேலை போகும், கேஸும் வரும். உண்மை என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அந்த அம்மா வீட்டுக்குப் போவாள், யாரைக் கேட்டாலும் நோட்டரி வீடு என்று கைகாட்டுவார்கள், அப்போதும் வேலை போகும், கூடவே அவர் சீலும் போகும். இரண்டு பக்கமும் ஒரே முடிவுதான். மூன்றாவதாக ஒரு பக்கம் இருந்தது. அதில் அவர் சீல் மட்டும்தான் போகும்.

புதன்கிழமை சாயங்காலம், வருஷக்கணக்கில் இல்லாத வழக்கமாக, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார். ஒரு ரெக்சின் பையில் சட்டை, வேட்டி, சவரப் பெட்டி எல்லாம் வைத்தார். கோட்டைத் தனியாக மடித்துக்கொண்டார். பிறகு திருப்புளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், ‘வே. துலுக்கானம், பி.ஏ., பி.எல்., நோட்டரி’ என்ற பலகையின் நான்கு திருகாணியையும் கழற்றினார். மூன்று சுலபமாக வந்தது. நான்காவது துருப் பிடித்திருந்தது. லோகநாயகி கதவோரம் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து திருகாணியின் தலையில் விட்டாள். அதுவும் வந்தது.

“சோறு கீது. துன்னுட்டுப் போ.”

உட்கார்ந்தார். அவளே போட்டாள், எதிரே உட்கார்ந்தாள். கத்திரிக்காய்க் குழம்பு.  இன்றைக்குத் தட்டு மூடியில்லாமல் இருந்தது.

“எங்க பட்ப்ப?”

“ஆபீசுல.”

“அங்க கொசு புடுங்குமே” என்று சொல்லி, ஒரு கொசுவத்திச் சுருள் பெட்டியைக் கொண்டுவந்து பையில் வைத்தாள். அவர் வாசலில் கிடந்த தன்னுடைய பழைய ரப்பர் செருப்பையும் ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டார். தெருமுனை வரை நடந்து திரும்பிப் பார்த்தார். அவள் வாசலில் இல்லை. உள்ளே விளக்குப் போட்டிருந்தாள்.

ஆபீஸில் மேசையை ஒதுக்கிப் பாய் விரித்துப் படுத்தார். விடிகிற நேரத்தில் விழிப்பு வந்தது. எங்கே இருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. தெரிந்தபோது பாயில் எழுந்து உட்கார்ந்தார். “உத்தமா” என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பதினாலு மாதத்தில் முதல் தடவை. வலித்தது. நன்றாகவே வலித்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து எழுத உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு வசந்தா வந்தாள். அவர் எழுதிய தாளை நின்றபடியே படித்தாள். மூன்று வரிகள். மேற்படி லோகநாயகி ஜூன் 15 அன்று என் முன்னிலையில் நேரில் வந்து கையெழுத்திட்டார். நான் கேட்டதற்கு உண்மை என்று சொன்னார். அவர் சொன்னது உண்மை என்பது எனக்கு நேரடியாகத் தெரியும்.

“கடைசி வரி எதுக்கு சார்? நோட்டரி அதெல்லாம் எழுத வேண்டியதில்லையே. அவங்க வீட்டு விஷயம் உங்களுக்கு எப்படி நேரடியாத் தெரியும்?”

“அந்தத் துலுக்கானம் நான்தான் மேடம்.”

வசந்தா தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மூலையில் சுருட்டி வைத்த பாயையும், சுவரில் சாய்த்திருந்த பலகையையும், அதன் கீழே காகிதச் சுற்றிலிருந்து வெளியே தெரிந்த ரப்பர் செருப்பையும் பார்த்தாள். குடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

“பொண்டாட்டி பத்திரத்துல நீங்களே சீல் போடறதா? கைவிட்டவரே சாட்சியா? இது மேல போனா உங்க சீல் நிக்குமா சார்?”

“நிக்காது. டிசம்பர்ல ரினியூவல். கெடைக்காது.”

“என்ன சொல்லி நான் இத எழுதறது?”

“இருக்கிறதச் சொல்லி எழுதுங்க. கைவிட்டேன்னு புருஷனே ஒத்துக்கினான், தனியா இருக்கான், நேர்ல பாத்தேன்னு எழுதுங்க. அதுக்கு மேல மொட்டைக் கடுதாசிக்கு வேலை இல்ல.”

 “அவங்களோட போய்ச் சேந்து இருக்கலாமே சார். அது பெரிய விஷயமா?” என்றாள் வசந்தா.

“பெரிய விஷயம்தான் மேடம். இப்ப அவங்களுக்கு அந்த வேல வேணும்.”

அவள் தாளை மடித்து ஜோல்னாப் பையில் போட்டாள். காட்டுப்பாக்கம் பக்கம் போகவில்லை. நேராகத் தன் ஆபீஸுக்குப் போய், இருப்பதை இருக்கிறபடி எழுதினாள். இரண்டு வாரத்தில் லோகநாயகிக்கு நிரந்தர உத்தரவு வந்தது. அதே வாரம் துலுக்கானத்துக்கும் ஒரு கடிதம் வந்தது. விளக்கம் கேட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட ஆறு மாதம் இழுத்த பெரிய மனிதர்களில் ஒருவர், நான் அன்றைக்கே சொன்னேனே என்று டீக்கடையில் சொன்னாராம். அவர் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை, ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? துலுக்கானம் விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. சீல் இன்னும் சில வாரத்துக்குச் செல்லும், அதுவரை வருகிறவர்களுக்குக் குத்தித்தானே ஆக வேண்டும்?

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. மழை பெய்து விட்டிருந்தது. தாழ்வாரத்தில் கும்பல். இப்போதெல்லாம் ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். ஐந்து பேருக்குப் பார்த்தார், ஆறாவது ஆளுக்கு மறந்துபோனார். ஒன்றேகால் வருஷப் பழக்கம், ஒரு மாதத்தில் போகுமா? பேபி உள்ளே அனுப்பிக்கொண்டே இருந்தாள். துலுக்கானம் ஒரு பத்திரத்தில் தேதி எழுதிக்கொண்டிருந்தபோது மேசைக்கு எதிரே அடுத்த ஆள் வந்து நின்றது தெரிந்தது. தலை குனிந்தபடியே கையை நீட்டினார்.

“படிச்சிங்களா, புரிஞ்சிதா” என்று ஆரம்பித்தார். நீட்டிய கையில் எதுவும் வரவில்லை. விரலை அசைத்துக் காட்டினார். அப்போதும் வரவில்லை. பதிலும் வரவில்லை. அப்புறம்தான் தலையைத் தூக்கினார்.

“பேப்பரு ஒண்ணும் இல்ல” என்றாள் லோகநாயகி.